கை பத்திரம்

சீட்டில் தோற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். சீட்டு சரியில்லை, நேரம் சரியில்லை, உட்கார்ந்த திசை சரியில்லை. தான் சரியில்லை என்று சொன்ன ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. வானகரத்தில், பைபாஸை ஒட்டிய ஒரு ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில், அப்படிப்பட்ட மூன்று பேரோடு நான்கு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் உட்கார்ந்து போக்கர் ஆடினேன். முதல் வாரம் நானும் அப்படித்தான் பேசினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பணத்துக்கு ஆடவில்லை. ஒரு அறைக்கு ஆடினோம்.

அது ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு. கூடவே, கட்டியவர் 'ஸ்டடி' என்று வரைபடத்தில் எழுதி விற்ற ஒரு பொந்து. அதில் ஒரு கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. ஆனால் கதவு இருந்தது. எனக்கு அதுதான் முக்கியம். அரசுத் துறையில் உதவிப் பொறியாளர் வேலைக்கான தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மண்ணூர்பேட்டையில் எங்கள் வீடு ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்த அக்கா, அவளுடைய இரண்டு குழந்தைகள். அங்கே படிக்க முடியாது என்று வானகரத்துக்கு வந்தால், இங்கே ஹாலில் பாய். தலைமாட்டில் டிவி. வேதனையைப் பெரிதாக்கிச் சொல்லவில்லை. ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் நான்கு முறை யாராவது என்னைத் தாண்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவார்கள். அவ்வளவுதான்.

பொந்தில் இருந்தவர் கல்யாணமாகிக் காலி செய்தார். மறுநாளே நான்கு பேருக்கும் அது வேண்டியிருந்தது.

வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கோயம்புத்தூர்க்காரர். ஐடி கம்பெனியில் டீம் லீடர். நிச்சயமான பெண்ணோடு போனில் பேச அவருக்கு ஒரு மறைவு வேண்டும். படுக்கையறையில் அவரோடு இருப்பவர் மதுரைக்காரர், இன்ஷூரன்ஸ் பிடிப்பவர். டீம் லீடரின் குறட்டையிலிருந்து அவருக்கு விடுதலை வேண்டும். மூன்றாவது ஆள் என் கூட ஹாலில் படுக்கும் ஆவடிக்காரன். பைபாஸ் ஓரம் ஒரு குடோனில் ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்க வேண்டும். நான் நான்காவது.

குலுக்கல் போடலாம் என்றேன் நான். டீம் லீடர் முகத்தைச் சுளித்தார்.

"குலுக்கல்ங்கிறது வெறும் லக்குங்க தம்பி. நியாயம்னு ஒண்ணு இருக்குதல்லங்க? திறமைக்கு மரியாதை இருக்கோணும். போக்கர் ஆடலாமுங்க."

திறமை என்று அவர் சொன்னது எதை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு மாதத்துக்கு முன்னால் சும்மா பொழுதுபோக்காக ஆடியபோது, ஆவடிக்காரன் முதல் ஆட்டத்திலேயே தன்னிடம் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டு "வர்றவன் வா" என்றான். மற்ற மூன்று பேரும் இருந்ததையெல்லாம் தள்ளினார்கள். பத்து நிமிஷத்தில் விளையாட்டு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்த அனுபவத்தால் இந்த முறை டீம் லீடர் லிமிட் வைத்தார்.

லிமிட் என்றால், இஷ்டத்துக்குத் தள்ள முடியாது. ஆளுக்கு இரண்டு சீட்டு, அது ரகசியம். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று திறப்பார்கள். கைச்சீட்டு வந்ததும் ஒரு பந்தயம், பிறகு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பந்தயம், ஆக நான்கு சுற்று. முதல் இரண்டு சுற்றில் ஒன்றுதான் வைக்கலாம், யாராவது ஏற்றினால் இன்னொன்று. கடைசி இரண்டு சுற்றில் இரண்டு இரண்டாக. அதற்கு மேல் யாரும் யாரையும் மிரட்ட முடியாது. பந்தயம் வைக்க விருப்பமில்லாதவன் தரையைத் தட்டிவிட்டு அடுத்தவனுக்கு விடலாம். வைத்த பந்தயத்துக்கு ஈடு வைக்க விரும்பாதவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். நான்கு வாரம் முடிந்ததும் யாரிடம் அதிகம் சேர்ந்திருக்கிறதோ அவருக்கு அறை.

எதை வைத்து ஆடுவது என்ற கேள்விக்கு நான்தான் வழி செய்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை மெஷினால் அமுக்கி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நடு ஓட்டை அளவு தப்பிப்போன வாஷர்களை ஒரு டப்பா நிறைய, முறைப்படி கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். கேட்டில் இருந்த காவலர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

"ரிஜெக்ட் வாஷரை வெச்சிகினு இன்னா சார் பண்ணப் போற?"

"படிப்புக்கு" என்றேன். பொய்யில்லை.

இப்போது என் கூட்டாளிகளின் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். மூன்று பேரும் மூணு சீட்டு ஆடி வளர்ந்தவர்கள். மூணு சீட்டில் கவிழ்ப்பது மானப் பிரச்சினை. கவிழ்த்தவன் பயந்தாங்கொள்ளி, கடைசிவரை இருந்தவன் ஆம்பளை. அந்த வீரத்தை அப்படியே லிமிட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு வாஷருக்குப் பயந்து கவிழ்ப்பதா? மதுரைக்காரர் போனில் போக்கர் வீடியோ பார்ப்பவர். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆட்கள் குவியல் குவியலாகத் தள்ள, எதிராளி வியர்த்து வழிவான். அதைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை வாஷரை இரண்டு விரலால் ஆடி ஆடித் தள்ளிவிட்டு எங்களை முறைப்பார். நடுவில் யாரும் எதுவும் வைக்காமல் தட்டிவிட்டால் போதும், சீட்டைப் பார்க்காமலேயே வைப்பார். டீம் லீடர் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக் கணக்குப் போடுவார். விடை எப்போதும் ஒன்றுதான்: வைத்துவிடலாம். ஆவடிக்காரனுக்குக் கணக்கே கிடையாது. அவனுக்கு ஒரே ஒரு வேதவாக்கு இருந்தது.

"ஒண்ணு தான மச்சான்."

முதல் ஞாயிறு. எனக்கு ராணி ஜோடி வந்தது. நடுவில் ஒன்பது, ஆறு, மூன்று. என் ராணிகளை மிஞ்ச அங்கே எதுவும் இல்லை. பலமான கை. ஒரு வாஷரை வைத்தேன். பயந்து ஓடுவார்கள் என்று நினைத்தேன். எனக்கும் வீரம்தான், வேறென்ன.

டீம் லீடர் கண்ணை மூடித் திறந்து ஒன்று வைத்தார். ஆவடிக்காரன் "ஒண்ணு தான" என்று வைத்தான். மதுரைக்காரர் முறைத்துக்கொண்டே வைத்தார். அடுத்து வந்தது ஒரு இரண்டு. நான் இரண்டு வாஷர் வைத்தேன். நடுவில்தான் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறதே, எவன் விடுவான்? மூன்று பேரும் வந்தார்கள். கடைசிச் சீட்டு ஐந்து. ஆவடிக்காரன் தொடையில் தட்டினான்.

"ரெண்டு ஜோடி மாமே! அஞ்சும் மூணும்!"

"அஞ்சும் மூணும் வெச்சிகினு எதுக்குடா வந்த? நான் வெச்சப்ப உங்கையில இன்னா இருந்துது? ஒத்த மூணு ஜோடி!"

"ஒண்ணு தான மச்சான் கேட்ட. ஒண்ணுக்குப் போயி எவனாவது கவுப்பானா? உனுக்கு சீட்டு சரியில்ல, உடு."

சீட்டு சரியில்லை என்று நானும் நம்பினேன். மாலையில் மொட்டை மாடியில் போய் நின்று, கோபத்தோடு நம்பினேன். அடுத்த வாரம் திசை மாறி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். படித்தவன் செய்கிற வேலை. அன்றைக்கு ராஜா ஜோடி வந்தது, அதையும் அதே மாதிரி முன்னால் தள்ளி, அதே மாதிரி இழந்தேன். இந்த முறை அடித்தவர் டீம் லீடர்.

"ப்ராபபிலிட்டிங்க தம்பி" என்றார். நான்கையும் ஏழையும் வைத்துக்கொண்டு கடைசிவரை வந்தவர் சொல்கிறார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிப் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் தேடினேன். லிமிட் போக்கர் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பக்கம் கிடைத்தது. பாதிச் சொற்களுக்கு அகராதி பார்க்க வேண்டியிருந்தது. தேர்வுப் பாடத்தைவிட அதிக அக்கறையோடு பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. பலமான கை, ஆனால் சுலபமாக அடிபடக்கூடிய கை. அதை எப்படிப் பாதுகாப்பது என்பதுதான் அதில் இருந்த விஷயம். கையைப் பாதுகாப்பது என்ற சொற்களைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பிரஸ்ஸுக்கு மேலே அதே சொற்கள் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தன. எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு, ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். ஒரு பொத்தான் மட்டும் இருந்த காலத்தில் எத்தனை எச்சரிக்கைப் பலகை வைத்தாலும் விரல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

அந்தப் பக்கத்திலும் கிட்டத்தட்ட இதேதான் இருந்தது. ஒன்றால் யாரையும் தடுக்க முடியாது. ஒன்று வைத்தால் ஒவ்வொருவனும் ஒன்று வைப்பான். ஒவ்வொருவனுக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு கொஞ்சம்தான். ஆனால் மூன்று பேரின் கொஞ்சமும் சேர்ந்தால் என் ராணிகள் செத்துவிடும். அவர்களை விரட்ட வேண்டுமானால் ஒரே மூச்சில் இரண்டு கேட்க வேண்டும். லிமிட்டில் ஒருவனே இரண்டு கேட்க முடியாது. ஒருத்தன் ஒன்று வைக்க வேண்டும், நான் அதை ஏற்ற வேண்டும். அப்போதுதான் இன்னும் எதுவும் வைக்காமல் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விலை இரட்டையாகும். ஆக, என்னிடம் என்ன சீட்டு இருக்கிறது என்பதைவிட, அடிக்கடி வைக்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் கேள்வி. நான் இரண்டு வாரமாகத் திசை பார்த்தேனே, அது சரிதான். பார்க்க வேண்டிய திசையைத்தான் பார்க்கவில்லை.

நோட்டில் ஒரு வட்டம் போட்டேன். நான், எனக்கு அடுத்து டீம் லீடர், அப்புறம் ஆவடிக்காரன், கடைசியாக மதுரைக்காரர். அம்புக்குறிகள், ஒன்று, இரண்டு என்று எண்கள். நான் முதலில் ஆடும்போது தட்ட வேண்டும். மற்ற இருவரும் தட்டுவார்கள். மதுரைக்காரரின் வீரம் தாங்காது, அவர் வைப்பார். அப்போது ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை மண்ணூர்பேட்டைக்குச் சாப்பிடப் போனபோது அந்த நோட்டு பையிலிருந்து நழுவி விழுந்தது. அப்பா எடுத்தார். எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்கியே ஆயுளைக் கழித்தவர், அவருக்கு எழுத்துத் தெரியாது. வட்டத்தையும் அம்புகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னா மெஷினுப்பா?"

"ஒரு ஏற்பாடு நைனா. அழுத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாக்குறது."

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னாமா போட்டுகீறான் பாரு உம் புள்ள." பிறகு வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டினார். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கிளம்பும்போது வழக்கம்போலச் சொன்னார்: "கை பத்திரம்டா." பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்வது அது. அன்றைக்கு மட்டும் எனக்குத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு நோட்டு தோற்றது. எனக்கு ஒரு ஏஸ், நடுவிலும் ஒரு ஏஸ். பாடத்தில் சொன்னபடி தரையைத் தட்டினேன். இருவரும் தட்டினார்கள். எல்லோரும் மதுரைக்காரரைப் பார்த்தோம். அவர் அன்றைக்குத்தான், வாழ்க்கையில் முதல் முறையாக, தன் சீட்டைப் பார்த்துவிட்டு யோசித்தார்.

"ஏன்டா, ஒருத்தனும் வைக்கலையா? பங்காளி வேற கமுக்கமா இருக்கான். அப்ப நானும் தட்றேன்ப்பா."

நான்கு பேரும் அடுத்த சீட்டை இலவசமாகப் பார்த்தோம். அது வந்து ஆவடிக்காரனின் வயிற்றில் பாலை வார்த்தது. ஒரு வாஷர்கூடச் செலவில்லாமல் என் ஏஸை அடித்தான். நான் ஆங்கிலத்தில் படித்ததை மதுரைக்காரர் படிக்கவில்லை என்பதை நான் மறந்துவிட்டேன். பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, எதிரில் இருப்பவனும் அதே பக்கத்தைப் படித்திருப்பான் என்று நம்புகிற முட்டாள்தனம் படிக்காதவர்களுக்கு வராது. முதல் தலைமுறைக்காரனுக்கு வரும்.

அன்று மாலை நோட்டில் இன்னொரு வரி எழுதினேன்: நான் விறைத்தேன், அதனால் அவர் யோசித்தார். சீட்டைப் பார்த்ததும் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிலை மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன். கமுக்கமா இருக்கான் என்று அவர் சொன்னது அதைத்தான். அடுத்த வாரம் வேர்க்கடலை தின்றுகொண்டே தட்ட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

நான்காவது ஞாயிறு. டீம் லீடரிடம்தான் அதிக வாஷர் இருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. ஆவடிக்காரனும் நானும் அவருக்கு ஒரு நல்ல ஆட்டம் பின்னால் இருந்தோம். நான்கு மணிக்கு முடிப்பதாகப் பேச்சு. மூன்றேமுக்காலுக்கு மதுரைக்காரர் சீட்டுப் போட்டார். போட்டவர் கடைசியாக ஆட வேண்டும். நான் முதலில்.

எனக்கு ஏஸும் ராஜாவும். மதுரைக்காரர் வீடியோவில் பார்த்த மாதிரி கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நடுவில் எதுவும் திறக்கும் முன்பே ஏற்றினார். நான்கு பேரும் உள்ளே. நடுவில் ஏஸ், எட்டு, ஏழு திறந்தது. என் ஏஸ் ஜோடிதான் அங்கே உசத்தி. அதே சமயம் எட்டும் ஏழும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததால், வரிசை கோர்க்கிறவனுக்கு அது கல்யாணப் பந்தி. பலமான கை, சுலபமாக அடிபடும் கை. அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தவன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த மாதிரி இருந்தது.

வேர்க்கடலை ஒன்றை உடைத்துக்கொண்டே தரையைத் தட்டினேன். தட்டினார்கள், தட்டினார்கள். மதுரைக்காரர் ஒன்று வைத்தார்.

ஏற்ற வேண்டிய இடம். கை பரபரத்தது. ஆனால் நடுவில் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். இவ்வளவு கிடக்கும்போது இரண்டு வாஷர் கேட்டால் இரண்டும் வைப்பார்கள். இந்தச் சுற்றில் விலை மலிவு. அடுத்த சுற்றில் வைப்பதே இரண்டு, ஏற்றினால் நான்கு. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று வைத்தேன். டீம் லீடர் வைத்தார். ஆவடிக்காரன், "ஒண்ணு தான மாமே, வரேன்" என்றான்.

அடுத்த சீட்டு டைமண்ட் இரண்டு. யாருக்கும் உதவாத சீட்டு. மறுபடியும் கடலை. மறுபடியும் தட்டினேன். டீம் லீடர் தட்டினார், ஆவடிக்காரன் தட்டினான். மதுரைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடலைத் தோலை ஊதினேன்.

"எல்லாரும் செத்துட்டாய்ங்க போல" என்று இரண்டு வாஷரைத் தள்ளினார்.

"நாலு" என்றேன்.

நான்கு வாஷரையும் எண்ணி நடுவில் வைத்தேன்.

"நாலுங்களா?" என்றார் டீம் லீடர். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். ஒரு சுற்றில் நான்கு என்ற கேள்வி அந்த மூளைக்குள் அதுவரை நுழைந்ததே இல்லை. கண்ணைத் திறந்து சீட்டைக் கவிழ்த்தார். "வேண்டாமுங்க."

ஆவடிக்காரன் தன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நடுவில் கிடந்ததைப் பார்த்தான்.

"இன்னா மச்சான் இது, நாலு? நேரா நாலு கேக்கற? தட்டிட்டு அப்பால ஏத்துற, இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"இருந்தா வை. இல்லன்னா கவு."

"ஒண்ணுன்னா வரேன். ரெண்டுன்னாக்கூட வரேன். நாலு இன்னாத்துக்குடா?"

கவிழ்த்தான். நான்கு வாரத்தில் அவன் கவிழ்த்த முதல் சீட்டு அது.

மதுரைக்காரர் கவிழ்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் கவிழ்ப்பதில்லையே. இன்னும் இரண்டு வைத்தார். கடைசிச் சீட்டு ஹார்ட்டின் ஜாக்கி. நான் வைத்தேன், அவர் ஈடு வைத்தார், திறந்தோம். அவரிடமும் ஏஸ்தான், கூட வெறும் ஐந்து. என் ராஜா அதை மிஞ்சியது. வாஷர் அத்தனையையும் இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்தேன்.

ஆவடிக்காரன் கவிழ்த்த சீட்டைத் திருப்பிப் போட்டுக் கத்தினான்.

"பாருடா! ஒம்போது, பத்து! ஏழு, எட்டு, ஒம்போது, பத்து, ஜாக்கி! லைன்டா! வந்திருந்தா மொத்தமும் எனுக்கு!"

அவன் சொன்னது உண்மை. இன்னொன்றும் உண்மை, அதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஆறு வந்தாலும் ஜாக்கி வந்தாலும் அவனுக்கு வரிசை சேரும். நடுவில் அவ்வளவு கிடக்கும்போது, அந்த நான்கைக் கொடுத்துப் பார்ப்பதுதான் கணக்குப்படி சரி. வரக் கூடாத இடத்திலெல்லாம் நான்கு வாரம் வந்தவன், வர வேண்டிய ஒரே இடத்தில் கவிழ்த்துவிட்டான். சரியையும் தப்பையும் பார்க்கிற ஆளில்லை அவன், விலையைப் பார்க்கிற ஆள். டீம் லீடரும் அப்படித்தான், மதுரைக்காரரும் அப்படித்தான். இவர்களைப் பாதுகாக்கும் கடவுள் யாராவது இருந்தால் அவருக்கு ராத்திரி ஷிப்ட் போட்டும் பத்தாது.

நான்கு மணிக்கு அறை எனக்கு என்று முடிவானது. டீம் லீடர் கை குலுக்கி, "சீட்டு நல்லா வந்துதுங்க உங்களுக்கு" என்றார்.

பாயையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போய்ப் பொந்துக்குள் வைத்தேன். ஜன்னல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதுதான் மேஜை. தேர்வுப் புத்தகத்தைப் பிரித்துவிட்டுக் கதவைச் சாத்த எழுந்தேன். வாசலில் ஆவடிக்காரன் நின்றான், கையில் தகரப் பெட்டி.

"மச்சான், ஹால்ல இடமே இல்ல. இந்தப் பெட்டிய மட்டும் உள்ள வெச்சிக்கறேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க. ஒண்ணு தான."

அவனுக்குப் பின்னால் டீம் லீடர், கையில் இஸ்திரிப் பெட்டி. அந்த அறையின் பிளக்கில்தான் கரண்டு சரியாக வருமாம். அவருக்கும் பின்னால் மதுரைக்காரர், வாளி நிறையத் துவைத்த துணி. ஜன்னலில் வெயில் நன்றாக விழுகிறதாம். வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் சின்னது, மறுத்தால் நான்தான் கஞ்சன். மூன்றும் உள்ளே வந்தால் அந்த அறையில் நான் படிக்கப் போவதில்லை. பெட்டியை எடுக்க ஒருத்தன், தேய்க்க ஒருத்தர், துணி எடுக்க ஒருத்தர் என்று என் கதவு ஹாலின் இன்னொரு மூலையாகிவிடும்.

நான்கு வாரம் நான் உட்கார்ந்த வட்டம் அப்படியே நிமிர்ந்து என் வாசலில் நின்றது. இந்த முறை முதலில் கேட்டவன் ஆவடிக்காரன். மற்ற இருவரும் பின்னால், காதைத் தீட்டிக்கொண்டு.

"தாராளமா வெச்சுக்க" என்றேன், மூன்று பேருக்கும் கேட்கும்படி. "ஆனா இந்த ரூமுக்குள்ள எவன் சாமான் வருதோ, அவன்தான் இனிமே ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பாத்ரூம் கழுவணும். இத்தினி நாளு நான்தான கழுவறேன்?"

"இன்னா மச்சான், ஒரு பொட்டிக்கு பாத்ரூமா?"

"இஷ்டம்னா வை."

"நீ வரவர ரொம்ப மோசமா பூட்டடா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

டீம் லீடர் கண்ணை மூடினார். திறந்தார். "நான் ஹால்லயே தேச்சுக்கறனுங்க தம்பி" என்று, வயரைச் சுற்றிக்கொண்டே திரும்பினார்.

மதுரைக்காரர் வாளியைக் கீழே வைத்தார். ஒரு முறை கழுத்தைச் சுற்றினார். என்னை முறைத்தார்.

"என்ன பங்காளி, மிரட்டுறியா? நான் கழுவுறேன்டா பாத்ரூம். கொடியக் கட்டு."

அவருக்கு அது நஷ்டம். எந்தக் கணக்கிலும் நஷ்டம். ஆனாலும் உள்ளே வந்தார். ஜன்னல் கம்பியிலிருந்து கதவு ஆணிக்குக் கொடி கட்டி, லுங்கிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டுவிட்டு வெற்றி பெற்றவர் மாதிரி வெளியே போனார். அந்தப் பக்கத்திலும் இதைத்தான் எழுதியிருந்தது: எல்லோரையும் விரட்ட முடியாது, ஒருத்தர் வரத்தான் செய்வார். ஒருத்தர் என்றால் தாங்கலாம்.

தேர்வு வரும்வரை அந்த ஈர லுங்கிகளுக்குக் கீழே, தலையைக் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். சொட்டு விழாத இடமாகப் பார்த்துப் புத்தகத்தை வைக்கக் கற்றுக்கொண்டேன். பாத்ரூம் மட்டும், சும்மா சொல்லக் கூடாது, பளபளவென்று இருந்தது.